ஆட்டோரொட்டேஷனில் கால் தாமதமாகிறது, அனுபவமுள்ள ஹெலிகாப்டர் பைலட்டுகள் உதவ முடியுமா?

வணக்கம். ராபின்சன் ஆர்44 ரேவன் 2-இல் பயிற்சி எடுத்து வருகிறேன். ஹோவர் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) ஒரு வழியாகக் கைக்கு வந்துவிட்டது. எஞ்சின் விசை இல்லாமல், காற்றால் சுழலும் ரோட்டரை வைத்தே இறங்கும் ஆட்டோரொட்டேஷன்தான் இன்னும் பிடிபடவில்லை.

கலெக்டிவை (ரோட்டர் இறக்கைகளின் கோணத்தை மாற்றும் இடது கை நெம்புகோல்) முழுவதும் இறக்கி, எஞ்சின் விசையைக் குறைக்க த்ராட்டிலைத் திருப்பி, சுழற்சி வேகம் காட்டும் எஞ்சின் முள்ளையும் ரோட்டர் முள்ளையும் பிரிப்பது வரை சரி. எஞ்சின் விசை போனதும் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலது பெடல் கொடுக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் என் கால் அரை நொடி பின்தங்குகிறது. அந்த அரை நொடியில் எல்லாம் கலைந்துபோகிறது.

போன வாரம் ரோட்டர் சுழற்சி 108 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாதே என்று கலெக்டிவைக் கொஞ்சம் தூக்கினேன். அதிகமாகிவிட்டது. 97-க்குக் கீழே போனதும், சுழற்சி குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் ஹார்ன் அலற, உள்ளங்கை வியர்த்து, இடது கை அப்படியே நின்றுவிட்டது. பயிற்றுநர்தான் கலெக்டிவை இறக்கினார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

70 நாட் வேகத்தில் சறுக்கி வரும்போது உங்கள் கண் எங்கே இருக்கும்? வெளியே பார்த்தால் முள்ளை விட்டுவிடுகிறேன், முள்ளைப் பார்த்தால் மூக்கை விட்டுவிடுகிறேன். ஹார்ன் சத்தத்தை வைத்தே சமாளிக்கலாமா? அப்புறம், ஃப்ளேர் (மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைப்பது) தொடங்க வேண்டிய 40 அடி உயரத்தைக் கண்ணால் எப்படிக் கணிக்கிறீர்கள்? மரமா, கம்பமா, புல்லின் தோற்றமா?

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கை கால் அசைத்துப் பழகியவர்கள், என்ன வரிசையில் பழகினீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும். அடுத்த பாடம் சனிக்கிழமை.