கலைச்சொல் விவாதம்: எக்சைட்டோடாக்சிசிட்டி – ‘கிளர்வுநச்சுமை’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நரம்பணுக்கள் விடாமல் கிளர்த்தப்படுவதாலேயே சிதைந்து மடிவதைக் குறிக்கும் எக்சைட்டோடாக்சிசிட்டிக்கு (excitotoxicity) ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். ‘குளூட்டமேட் நச்சுமை’ எளிதாகப் புரியும்; ஆனால் பழியைத் தவறான இடத்தில் போடுகிறது. குளூட்டமேட் மூளையின் முதன்மையான கிளர்த்தும் நரம்புக்கடத்தி, அதாவது நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் பொருள். நரம்பணுவுக்குள் அது லிட்டருக்குப் பல மில்லிமோல் அளவில் தீங்கின்றி இருக்கிறது. அணுவுக்கு வெளியே தேங்கி, ஏற்பிகளை (அதைப் பற்றி அயனிகளுக்கு வழிவிடும் சவ்வுப் புரதங்களை) விடாமல் திறந்து வைத்தால்தான் கேடு. மேலும், குளூட்டமேட் இல்லாமலும் இது நிகழும். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைத் தின்றவர்களில் சிலர் நினைவாற்றலை இழந்தார்கள். காரணம், நுண்பாசி உண்டாக்கிய டொமோயிக் அமிலம். அது குளூட்டமேட் ஏற்பிகளில் ஒருவகையான கைனேட் ஏற்பிகளைத் திறக்கிறது.

‘தூண்டல் நச்சுமை’யும் எனக்கு ஒப்பவில்லை. மின்தூண்டல், நொதித்தூண்டல் என்று அச்சொல்லுக்கு ஏற்கெனவே வேலை மிகுதி. இயற்பியலில் ‘கிளர்வு நிலை’ நன்றாக வேரூன்றிவிட்டது. ஆகவே ‘மிகைக்கிளர்வு நச்சுமை’ என்று முன்வைக்கிறேன்.

---

> ஆகவே ‘மிகைக்கிளர்வு நச்சுமை’ என்று முன்வைக்கிறேன்.

ஐயா, ‘கிளர்வு’ சரி. ‘மிகை’ வேண்டாம் என்பேன். நிகழ்வின் படிகளைப் பார்த்தால் ஏன் என்பது விளங்கும்.

ஓய்வில் நரம்பணுவின் உட்புறம் ஏறத்தாழ −70 மில்லிவோல்ட்டில் இருக்கும். அந்நிலையில், கால்சியத்தை உள்ளே விடும் குளூட்டமேட் ஏற்பி வகையான என்எம்டிஏ (NMDA) ஏற்பியின் வாயிலை மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து பற்றினாலும் கால்சியம் அவ்வளவாக நுழையாது. சவ்வின் மின்னழுத்தம் சுழியை நோக்கி ஏறினால்தான் மக்னீசியம் விலகும். கால்சியத்தின் செறிவோ வெளியே உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. வாயில் திறந்தே கிடந்தால் அது வெள்ளமாகப் புகும்.

பிறகு கேடு இரண்டு வேகத்தில் நடக்கிறது. முதலில் சோடியமும் குளோரைடும் நீரை இழுத்துவர, சில நிமிடங்களில் அணு வீங்குகிறது. கால்சியம் செய்யும் அழிவு பல மணிநேரம் நீளும்: கால்பெய்ன் நொதி அணுச்சட்டகப் புரதங்களை வெட்டும், பாஸ்போலிப்பேஸ் சவ்வுக் கொழுப்பைச் சிதைக்கும், நைட்ரிக் ஆக்சைடு சூப்பராக்சைடுடன் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்னும் கேடு செய்யும் சேர்மமாகும், கால்சியம் நிறைந்த மைட்டோகாண்டிரியா அணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபியின் (ATP) ஆக்கத்தை நிறுத்தும். தாக்குதல் கடுமையானால் அணு வெடித்து மடியும். மிதமாக இருந்து மைட்டோகாண்டிரியா ஓரளவு தப்பினால், அணு திட்டமிட்ட மடிவுக்குப் போகலாம்.

இப்போது ‘மிகை’க்கு வருகிறேன். நரம்பணுவின் ஆற்றல் குறைந்துபோனால் சோடியம்–பொட்டாசியம் பம்பு தளரும், மின்னழுத்தம் தானாகவே ஏறும், மக்னீசியம் விலகும். அப்போது இயல்பான அளவு குளூட்டமேட்டே கொல்லப் போதும். அங்கே கடத்தி மிகையில்லை. தாங்கும் திறன்தான் குறைவு. நாட்பட்ட நரம்புச்சிதைவு நோய்களில் இவ்வழியே முதன்மையாகப் பேசப்படுகிறது. பக்கவாதத்தில் வெளிக் குளூட்டமேட் உண்மையாகவே எகிறும், ஏனென்றால் அதை உள்ளிழுக்கும் கடத்துபுரதங்கள் சோடியச் சரிவை (அணுவுக்கு வெளியேயும் உள்ளேயும் உள்ள சோடியச் செறிவின் வேறுபாட்டை) நம்பி இயங்குபவை. சரிவு குலைந்தால் அவை எதிர்த்திசையில் ஓடி வெளியே கொட்டும். சொல் இரண்டு நிலைகளையும் தாங்க வேண்டும்.

என் முன்மொழிவு: கிளர்நச்சுமை.

---

‘மிகை’யை விட்டுவிடலாம் என்பதை ஏற்கிறேன். 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி சுண்டெலிக் குட்டிகளில் குளூட்டமேட்டால் மூளையணுக்கள் மடிவதைக் காட்டினார். குளூட்டமேட்டை ஒத்த சேர்மங்களில், கிளர்த்தும் வலிமை உள்ளவையே அழிக்கவும் செய்தன என்பதைக் கண்டுதான் ‘எக்சைட்டோடாக்சிசிட்டி’ என்ற பெயரை வைத்தார். கிளர்வே கேட்டின் வழி. சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ‘கிளர்நச்சுமை’ வினைத்தொகையாகிவிடுகிறது. ‘கிளர்’ தன்வினை. கிளர்நஞ்சு என்றால் கிளர்கின்ற நஞ்சு, அதாவது பொங்கி எழும் நஞ்சு. இங்கே கிளர்வது அணு, நஞ்சன்று. ‘கிளர்வுநச்சுமை’ என்றால் கிளர்வால் விளையும் நச்சுமை என்று விரியும். ஓரெழுத்து கூடினாலும் பொருள் நேராக நிற்கிறது.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: எக்சைட்டோடாக்சின் – கிளர்வுநஞ்சு (டொமோயிக் அமிலம் ஒரு கிளர்வுநஞ்சு), எக்சைட்டோடாக்சிக் – கிளர்வுநச்சு (கிளர்வுநச்சுச் சேதம்). பக்கவாதம் பற்றிய பாடநூல் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “குருதி அறவே நின்ற மையத்தைச் சுற்றியுள்ள திசுவில் கிளர்வுநச்சுமை பல மணிநேரம் தொடரும்.” உறுத்தவில்லை.

இதைத் தடுக்கும் மருந்துகளுக்கு ‘கிளர்வெதிர்ப்பி’ என்று மட்டும் வைத்துவிட வேண்டாம். என்எம்டிஏ ஏற்பியை முழுவதும் அடைத்தால் கற்றலுக்கும் நினைவுக்கும் வேண்டிய இயல்பான கிளர்வும் நிற்கும். பக்கவாத மருந்தாய்வுகளில் இத்தகைய அடைப்பிகள் தோற்றதற்கு இப்பக்கவிளைவுகளும் ஒரு காரணம். அல்சைமர் நோய்க்குத் தரப்படும் மெமன்டீன் என்ற அடைப்பி திறந்த வாயிலில் நுழைந்து விரைவாக விலகுவதால்தான் தாங்கக்கூடியதாக இருக்கிறது. ‘கிளர்வுநச்சுத் தணிப்பி’ என்று எழுதலாமா? மருந்தியல் அன்பர்கள் சொல்லுங்கள்.