புதுப்பிப்பு: ஆவுளியாக் காப்பகக் கரையில் என் கோடைக்காலப் பயிற்சி

கடல்சார் சுற்றுச்சூழல் மேலாண்மையில் முதுகலை படிக்கும் நான், உதவித்தொகை இல்லாத கோடைக்காலப் பயிற்சியை ஏற்கலாமா என்று மார்ச் மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஏற்றுக்கொண்டேன், எட்டு வாரங்கள் முடிந்துவிட்டன.

2022ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாக் விரிகுடாவில் அறிவிக்கப்பட்ட, கடற்பசு என்னும் கடல் பாலூட்டியான ஆவுளியாவுக்கான காப்பகத்தை ஒட்டிய கரையில்தான் பணி. மீனவர்கள் தாழை என்று அழைக்கும் கடற்புல்லின் மீது அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை விழுக்காடு புல் மூடியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். காற்று எழுந்து நீர் கலங்கிய நாள்களில் எதுவும் தெரியாது. அன்று மீனவர்களிடம் பேசுவோம்.

ஆவுளியாவை நான் பார்க்கவில்லை. ஆனால் அது புல்லை வேரோடு பிடுங்கித் தின்று சென்ற தடத்தை ஒருநாள் கண்டேன்: பசும்புல்லின் நடுவே வளைந்து செல்லும், இரு கை அகலம்கூட இல்லாத வெறும் மணல் கோடு. அதனருகே மிதந்தபடி நெடுநேரம் நகராமல் இருந்தேன்.

வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்க வலையையே அறுக்கும் மீனவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. அது விரைவாகக் கிடைப்பதே பாதுகாப்பின் உயிர்நாடி என்று உறுதியாகக் கருதுகிறேன், என் ஆய்வேட்டையும் அதைப் பற்றியே எழுதவிருக்கிறேன்.

செலவைக் கேட்டவர்களுக்கு: தங்குமிடம் தந்தார்கள், உணவும் பயணமும் என் பொறுப்பு.