கார்கோ பைலட் வேலை: சம்பளம் சரி, வீட்ல எத்தன நாள் இருப்பாரு?

ப்ளேனோ_மீனு:
எல்லாருக்கும் வணக்கம். பைலட் குடும்பங்க யாராச்சும் இங்க இருந்தா கொஞ்சம் உள்ளது உள்ளபடி சொல்லுங்க, எங்க சொந்தத்துல இதப் பத்தி கேக்க ஆளே இல்ல. என் வீட்டுக்காரர் இப்ப ஒரு ரீஜனல் ஏர்லைன்ல கேப்டன், பேஸ், அதாவது ட்ரிப் தொடங்கி முடியற ஏர்போர்ட், டாலஸ்தான், அதனால ட்ரிப் முடிஞ்சா கார எடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துடுவாரு. இப்ப ஒரு கார்கோ கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, பெரிய ரெண்டு கம்பெனி இல்ல, 747 வச்சு மத்தவங்க சரக்க ஏத்திட்டுப் போறவங்க. வீட்டுக்குப் பக்கத்து ஏர்போர்ட்ல இருந்தே டிக்கெட் போட்டு கூட்டிட்டுப் போவாங்களாம், ஆனா போனா பதினேழு நாள் ஒரே இழுப்பா வெளியதான். அவருக்கு மனசுக்குள்ள ஃபெடெக்ஸ் இல்ல யுபிஎஸ்ல போகணும்னு ஆசை, ஆனா அங்க எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது, கூப்பிட்டாலும் பேஸ் பெரும்பாலும் மெம்ஃபிஸ் இல்லன்னா லூயிவில். எனக்கு டாலஸ் பக்கத்து ப்ளேனோல ஐடி வேலை, வாரத்துல நாலு நாள் ஆபீஸ் போயே ஆகணும், பொண்ணு ஆறாவது, பையன் ரெண்டாவது, மாமியாரும் எங்க கூடத்தான். வீடு மாத்தறதெல்லாம் இப்போதைக்கு நடக்காது. சம்பளம் உண்மையிலயே எப்படி, டாலஸ்ல இருந்துகிட்டே வேலைக்குப் போய்ட்டு வர முடியுமா, வீட்ல மனுஷன் இருப்பாரா, இதுதான் கேள்வி. ஊர்ல எங்க மாமா வேற, பொட்டி ஏத்தற வண்டிக்கு டிரைவராப் போறாரான்னு கேக்கறாரு, அவருக்கு என்னத்த சொல்ல 😄

நைட்_சார்ட்:
மாமாகிட்ட சொல்லுங்க, பொட்டி வாந்தி எடுக்காது, காபி கேக்காது, லேட்டானா கத்தாதுன்னு.

நான் பெரிய ரெண்டுல ஒண்ணுல ஓட்டறேன், எதுன்னு வேண்டாம். முதல்ல சம்பளம். மாசச் சம்பளம்னு நெனைக்காதீங்க, மணிக்கு இவ்ளோன்னு ஒரு ரேட், அத க்ரெடிட் அவரால, அதாவது சம்பளத்துக்குன்னு கணக்கு வைக்கற மணி நேரத்தால, பெருக்கணும். பறந்தாலும் பறக்காட்டியும் குறைஞ்சபட்சம் இத்தன மணி நேரம்னு ஒரு கேரண்டி உண்டு, யுபிஎஸ்ல அது 28 நாளுக்கு 75 மணி, வருஷத்துக்கு அந்த மாதிரி 13 பீரியட். ரேட்டு ரெண்டே விஷயத்த வச்சுதான், எந்த சீட்டு, எத்தனாவது வருஷம். அமெரிக்க ஏர்லைன் பைலட்டுங்க மொத்தத்துக்கும் சேத்து 2023ல நடுவாந்தர வருஷ சம்பளம் 2,19,140 டாலர்னு அரசாங்கக் கணக்கு, பெரிய கார்கோ கம்பெனில சீனியர் கேப்டன் 3 லட்சத்த சாதாரணமா தாண்டிடுவாரு. ஆனா உங்க வீட்டுக்காரர் அங்க சேர்ந்த அன்னிக்கு சீனியாரிட்டி லிஸ்ட்ல, அதாவது யாரு முன்னாடி சேந்தாங்கன்னு வரிசைல, கடைசி ஆளு. ரீஜனல்ல கேப்டனா இருந்த வருஷமெல்லாம் கணக்குல வராது. 2022க்கு அப்புறம் ரீஜனல்ல சம்பளம் நல்லாவே ஏறிடுச்சு இல்லையா, அதனால மொத வருஷம் கையில வர்றது இப்ப வாங்கறத விடக் கம்மியா இருந்தாலும் இருக்கும், அதுக்குத் தயாரா இருங்க.

லிஸ்ட்ல எந்த இடம்ங்கறதுதான் இங்க எல்லாமே. எந்த விமானம், எந்த பேஸ், எந்த ட்ரிப், கிறிஸ்துமஸ் அன்னிக்கு யாரு வீட்ல, எல்லாம் அந்த நம்பர் வச்சுதான். புதுசா வர்றவங்களுக்கு ஹப் டர்ன் இல்லன்னா ரிசர்வ், அதாவது எப்ப கூப்பிட்டாலும் வர தயாரா காத்திருக்கறது. ஹப் டர்ன்னா, சாயங்காலம் ஏதோ ஒரு ஊர் ஹோட்டல்ல இருந்து கெளம்பி ராத்திரி பதினோரு மணி வாக்குல ஹப்ல, அதாவது பல ஊர் சரக்கும் வந்து சேர்ற ஏர்போர்ட்ல, எறங்கி, பொட்டியெல்லாம் எறக்கிப் பிரிச்சு திரும்ப ஏத்தற வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குன்னு தூங்கற ரூம் இருக்கு, பழகினவங்க ஒரு மணி ஒன்றரை மணி தூங்கிடுவாங்க, அப்புறம் மூணரை நாலு மணிக்கு மறுபடி பறந்து, ஊரே ஆபீஸ் கெளம்பற நேரத்துல நாம ஹோட்டல் திரைய இழுத்து விட்டுட்டுப் படுப்போம். ஒரு வாரம் இப்படி, ஒரு வாரம் லீவுன்னு நிறைய லைன், அதாவது ட்ரிப் அட்டவணை, வரும். கேக்க ஜோரா இருக்கும், ஆனா லீவு வாரத்துல மொத ரெண்டு நாள் வீட்ல இருக்கறது நம்ம உடம்பு மட்டும்தான்.

டாலஸ்ல இருந்து போறது முடியும், நிறையப் பேர் பண்றாங்க. 2013ல டெல்டா மெம்ஃபிஸ் ஹப்ப மூடினதுல இருந்து பாசஞ்சர் ஃப்ளைட் கொறஞ்சு போச்சு, ஆனா ஃபோர்ட் வொர்த் அலையன்ஸ் ஏர்போர்ட்ல ஃபெடெக்ஸுக்குன்னே ஒரு ஹப் இருக்கு, ராத்திரி மெம்ஃபிஸ் போற சரக்கு விமானத்துல ஜம்ப்சீட்ல, அதாவது ஊழியர்களுக்குன்னு இருக்கற கூடுதல் சீட்டுல, உக்காந்து போய்டலாம். யுபிஎஸ்ஸும் டாலஸ்ல இருந்து லூயிவில்லுக்குப் பறக்குது. பிரச்சனை எங்கன்னா, இது நம்ம சொந்த நேரம். விமானம் ரிப்பேரு, புயலு, சீட்டு ஃபுல்னா அது கம்பெனி கவலை கிடையாது. ராத்திரி பதினோரு மணி டூட்டிக்கு காலைலயே வந்து எறங்கி க்ராஷ்பேட்ல, அதாவது பைலட்டுங்க சேந்து வாடகைக்கு எடுக்கற ரூம்ல, படுத்தாத்தான் உருப்படியா ஓட்ட முடியும், அந்த பகல் உங்க லீவுல இருந்துதான் போகும். ரிசர்வ்ல போட்டுட்டாங்கன்னா இன்னும் மோசம், கூப்பிட்டா சீக்கிரம் போய் நிக்கணும், அதனால வேலையே வராட்டியும் மெம்ஃபிஸ்ல ஒரு வாடகை ரூம்ல கூரையப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

லூயிவில்_அக்கா:
மீனு, நான் பைலட்டோட பொண்டாட்டி, அதனால என் பக்கத்தையும் கேளு. நாங்க வேற ஊர்ல இருந்து பேஸுக்கு கம்யூட் பண்ணிப் பாத்து முடியாம லூயிவில்லுக்கே மாறிட்டோம். பேஸ்லயே வீடுன்னா எவ்ளோ வித்தியாசம் தெரியுமா, ரிசர்வ்ல இருந்தாலும் வீட்லதான் இருப்பாரு, பிள்ளைங்க ஹோம்வொர்க் பாப்பாரு, ஃபோன் வந்தா யூனிஃபார்ம மாட்டிட்டு கெளம்புவாரு. நல்லது சொல்லணும்னா, வார நாள்ல ஸ்கூல் வாசல்ல நிக்கற ஒரே அப்பா இவருதான், மத்த வீட்டு அப்பாங்க லேப்டாப்போட கட்டிப் போட்ட மாதிரி இருப்பாங்க.

ஆனா பகல் தூக்கம் இருக்கே, அது ஒரு தனி குடித்தனம். பெட்ரூம்ல கறுப்புத் திரை, ஃபேன் சத்தம், காலிங்பெல் மேல அட்டை ஒட்டி வச்சிருப்போம், மிக்ஸி மதியம் ரெண்டு மணிக்கு மேலதான். சின்னவன் "அப்பா ஊர்ல இல்லயா இல்ல தூங்கறாரா"ன்னு கேட்டுட்டுத்தான் டிவி போடுவான். உன் மாமியார் கூட இருக்கறது பெரிய வரம்மா, சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். ராத்திரி பிள்ளைக்கு காய்ச்சல்னா நீ ஒருத்தியே ரெண்டு குழந்தைங்களையும் இழுத்துட்டு எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியதில்ல. தீபாவளி சமயத்துல சீனியாரிட்டி இல்லாட்டியும் ட்ரிப் மாத்திக்க ஆள் கிடைப்பாங்க, அவங்களுக்கு அது சாதாரண நாளுதானே. தேங்க்ஸ்கிவிங்ல இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் பீக் சீசன், அப்ப மட்டும் அவர மறந்துடு.

ஆங்கரேஜ்_வழி:
மீனு சொல்ற மாதிரி கம்பெனிலதான் நான் பல வருஷமா இருக்கேன், அதனால அந்தப் பக்கத்த சொல்றேன். வீட்டு ஏர்போர்ட்ல இருந்து டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்க பாருங்க, அத லேசா நெனைக்காதீங்க. ஃப்ளைட் கேன்சலானா அது அவங்க தலைவலி, க்ராஷ்பேட் வாடகை கிடையாது, ஒரு மாசத்துக்கு ஒரு தடவதான் பொட்டி கட்டறது. பேஸுக்குத் தொங்கிட்டுப் போறவன் பன்னெண்டு நாள் லீவுன்னு பேப்பர்ல வச்சிருந்தாலும் போக்குவரத்துலயே மூணு நாலு நாள் கரையும், எங்களுக்கு அது வேலை நாள்ல சேந்துடும். கேப்டன் சீட்டும் இங்க சீக்கிரம் கிடைக்கும், ஏன்னா பாதிப் பேர் பெரிய கம்பெனிக்கு ஓடிடுவாங்க. மணி ரேட்டும் பென்ஷன் விஷயமும் பெரிய ரெண்டு பேர் பக்கத்துல நிக்க முடியாது, அதுவும் உண்மை.

உடம்பு கதை வேற மாதிரி. ஹப் டர்ன்ல ராத்திரிதான் வேலைன்னாவது ஒரு ஒழுங்கு இருக்கும். எங்களுக்கு அலாஸ்கால இருக்கற ஆங்கரேஜ்ல இருந்து இன்சியான், அங்க ஒரு நாள், ஹாங்காங், அப்புறம் லைப்சிக், எந்த ஊர் நேரத்துல பசிக்கும்னே தெரியாது. ஆசியால இருந்து வர்ற சரக்கு விமானம் பாதி ஆங்கரேஜ்ல ஏன் எறங்குதுன்னா, எரிபொருள அங்க நிரப்பிக்கிட்டா அந்த எடைக்கு சரக்க ஏத்தலாம், காசு அதுல. அதனால அந்த ஊர் பனி எனக்கு மனப்பாடம். சில சமயம் கடைசி நாள்ல ட்ரிப்ப நீட்டிடுவாங்க, அதிகப் பணம் தருவாங்க, ஆனா அன்னிக்கு பொண்ணு ஆண்டு விழான்னா அந்தப் பணத்த என்ன பண்றது. ஆஃபர்ல அந்த நீட்டிப்புக்கு எத்தன நாள் வரைக்கும் எல்லைன்னு எழுத்துல பாத்துக்கோங்க.

வரி பத்தி யாரும் சொல்லல. விமான ஊழியர்களுக்கு ஃபெடரல் சட்டம் ஒண்ணு இருக்கு, குடியிருக்கற மாநிலமும், சம்பளத்துல பாதிக்கு மேல எந்த மாநிலத்துல சம்பாதிக்கறாங்களோ அதுவும் மட்டும்தான் வரி கேக்க முடியும். டெக்ஸஸ்ல சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது, பல மாநிலத்துக்கு மேல பறக்கறவங்களுக்கு ஒரே மாநிலத்துல பாதி தாண்டறது அபூர்வம். பேஸ் லூயிவில் இருக்கற கென்டக்கி மாநிலத்துல இருந்தாலும் டாலஸ் வீட்ட விடாம இருக்கறதுல அந்த லாபம் இருக்கு.

ஸ்காபரோ_தம்பி:
அக்கா, நான் கனடா. என்ர அண்ணா ஹாமில்டன்ல இருந்து சரக்கு விமானம் ஓட்டுறார், வீடு ஸ்காபரோ. இரவு வேலைக்குப் போகேக்க 401 நெடுஞ்சாலையில நிண்டு நிண்டு போக வேணும், விடிய வரேக்க நித்திரை தூக்கித் தள்ளும். அண்ணி கார் ஓட விடமாட்டா, ரெண்டு மணித்தியாலம் அங்கயே படுத்து எழும்பிட்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டா. விமானத்தில வாற களைப்ப எல்லாரும் கதைக்கினம், வீட்டுக்கு வாற காரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல. இன்னொண்டு, கனடாவில 2020 டிசம்பரில வந்த புதுக் களைப்பு விதிகள் பெரிய சரக்கு விமானக் கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில அப்பிடி இல்லையெண்டு அண்ணா சொல்லுவார்.

ப்ளேனோ_மீனு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா உங்க மிக்ஸி மேட்டர படிச்சு மாமியாரே சிரிச்சாங்க. தம்பி சொன்னது புரியல, பைலட்டுக்கு ஓய்வு நேரம் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? கார்கோன்னா வேறயா?

நைட்_சார்ட்:
வேறதான். 2009ல பஃபலோ ஊர் பக்கத்துல கோல்கன் கம்பெனியோட பாசஞ்சர் விமானம் விழுந்ததுக்கு அப்புறம் ஓய்வு விதிய மாத்தி எழுதினாங்க, பார்ட் 117னு பேரு, 2014 ஜனவரி 4ல இருந்து அமல். டூட்டிக்கு முன்னாடி 10 மணி நேர ஓய்வு, அதுல 8 மணி நேரம் தொடர்ந்து தூங்க வாய்ப்பு இருக்கணும், ராத்திரி ஆரம்பிச்சா டூட்டி நேரம் கொறையும். ஆனா இது பாசஞ்சர் விமானத்துக்கு மட்டும். செலவு ஜாஸ்தி, பலன் கம்மின்னு கணக்குப் போட்டு கார்கோவ விட்டுட்டாங்க, கம்பெனி விரும்பினா சேந்துக்கலாம்னு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஓட்டறவனுக்குத்தான் பழைய விதி, இது எந்த ஊர் நியாயம்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல. அந்த விதி அமலுக்கு வர்றதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடி, 2013 ஆகஸ்ட் 14 விடியக்காலைல, லூயிவில்ல இருந்து போன யுபிஎஸ் 1354 விமானம் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம்ல எறங்கும்போது விழுந்து ரெண்டு பைலட்டும் போய்ட்டாங்க. விசாரணை அறிக்கைல களைப்பும் ஒரு காரணம்னு இருக்கு, படிச்சுப் பாருங்க. பெரிய ரெண்டு கம்பெனியும் யூனியன் ஒப்பந்தத்துல சட்டத்த விட நல்ல ஓய்வு வச்சிருக்காங்க, அதனால உங்களுக்கு வந்த ஆஃபர்ல சட்டத்த பாக்காதீங்க, ஒப்பந்தத்துல ஓய்வு பத்தின பக்கத்த பாருங்க.

ஆங்கரேஜ்_வழி:
அதோட ட்ரெய்னிங் பாண்டு இருக்கான்னும் பாருங்க மீனு. நடுவுல பெரிய கம்பெனி கூப்பிட்டா ட்ரெய்னிங் காச திருப்பிக் கட்டிட்டுத்தான் போகணும்னு சில இடத்துல கையெழுத்து வாங்குவாங்க.

ப்ளேனோ_மீனு:
இருக்கு, இப்பதான் ஆஃபர் லெட்டர எடுத்துப் பாத்தோம், ரெண்டு வருஷத்துக்கு. நீட்டிப்பு எத்தன நாள்னு ஒண்ணுமே எழுதல. திங்கக்கிழமை ஃபோன் பண்ணி ரெண்டையும் கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. லூயிவில் அக்கா, உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன், ஸ்கூல் பத்தி கொஞ்சம் கேக்கணும்.