எட்டு மாதம் தனியாக வரைந்தேன், ஒரு நடை இன்னும் வழுக்குகிறது: மென்டர் அவசியமா?

தாள்புரட்டி
எட்டு மாதமாகக் கையால் வரையும் அனிமேஷனைத் தனியாகப் பழகுகிறேன். பந்து, ஊசல், மாவு மூட்டை என்ற ஆரம்பப் பயிற்சிகள் எல்லாம் ஓரளவு வந்துவிட்டது, மாட்டிக்கொண்டது நடையில். நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு படம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும், ஒரு அடிக்கு 12 ஃபிரேம். ஆக இரண்டு அடிக்கும் சேர்த்து மொத்தமே 12 படம்தான். இந்தப் பன்னிரண்டு படத்தை ஐந்து வாரம் திருத்தினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆள் நடக்கிறான், ஆனால் எண்ணெய் கொட்டிய தரையில் நடக்கிறவன்போல வழுக்கிக்கொண்டே நடக்கிறான். முழங்கால்தான் காரணம் என்று முடிவுகட்டி முழங்காலை மட்டும் நான்கு தடவை மாற்றி வரைந்தேன்.

கடைசியில் பணம் கட்டி, வேலையைப் பார்த்துத் தப்பைச் சொல்லித்தரும் ஒரு மென்டரிடம் இந்த நடையை அனுப்பினேன். முழங்காலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "ஊன்றியிருக்கிற பாதத்தை மட்டும் பார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எவ்வளவு நகர்கிறது, அளவுகோல் வைத்து அள" என்றார். அளந்தேன். முதலில் கொஞ்சம், நடுவில் நிறைய, கடைசியில் மறுபடி கொஞ்சம். எந்த அசைவும் மெல்லத் தொடங்கி மெல்ல முடியவேண்டும் என்று படித்திருந்தேன் அல்லவா, அதைப் பாதத்துக்கும் போட்டுவைத்திருக்கிறேன்! ஆள் ஒரே இடத்தில் நின்று நடக்கிற சுழற்சியில் ஊன்றிய பாதம் தரையோடு சேர்ந்துதான் பின்னால் போகவேண்டும், தரை எங்கேயாவது வேகம் கூட்டிக் குறைக்குமா? சம இடைவெளியாக மாற்றினேன். அரை மணி நேர வேலை. முக்கால்வாசி வழுக்கல் போய்விட்டது, குதிகால் எழும்புகிற இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

இப்போது எனக்குள்ளே ஓடுகிற கேள்வி: ஐந்து வாரம் போராடியது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அப்படியானால் இந்த எட்டு மாதமும் வீணா?

ரப்பர்தூள்
வீணும் இல்லை, மென்டர் அவசியமும் இல்லை. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மனிதரே தேவையில்லை. பாதத்துக்குக் கீழே ஒரு தரைக்கோடு போட்டு, அதில் சம தூரத்தில் சின்னச் சின்னக் குறிகள் வைத்து, அந்தக் கோட்டை ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு பின்னால் நகர்த்தி ஓட்டிப் பாருங்கள். பாதம் குறியை விட்டு விலகினால் வழுக்கல். எந்தப் படத்தில் விலகுகிறது என்பதுகூடத் தெரியும். நான் யாரிடமும் பத்து பைசா கொடுக்காமல் பழகியவன், இப்படித்தான் சரிபார்த்தேன். விழுகிற பந்தும் அப்படியே: விழத் தொடங்கிய இடத்திலிருந்து சம நேர இடைவெளிகளில் அது கடக்கிற தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடவேண்டும். கூடுகிறதா என்று அளந்து பார்க்க ஆசிரியர் எதற்கு? இயற்கையே விடைத்தாள் கொடுத்திருக்கும்போது.

பழைய லைட்பாக்ஸ்
மாணவர்களின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு, அதனால் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று வைத்துக்கொண்டே படியுங்கள். ரப்பர்தூள் சொன்ன தரைக்கோடு அருமையான வழி. ஆனால் அந்தக் கோடு போடவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கோளாறு தரையில் இருக்கிறது என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவருக்கு. தாள்புரட்டி சந்தேகப்பட்டது முழங்காலை. முழங்காலைச் சந்தேகப்படுகிறவர் முழங்காலுக்குத்தான் கோடு போட்டுப் பார்ப்பார், அதில் ஐந்து வாரம் என்ன, ஐந்து மாதமும் போகும். தன் வேலையையே நூறு தடவை ஓட்டிப் பார்த்தவரின் கண் மழுங்கிப்போய்விடும், இது திறமைக் குறைவு இல்லை, எல்லோருக்கும் நடப்பது.

ரப்பர்தூள்
கண் மழுங்கினால் ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுப் பாருங்கள், கண்ணாடியில் காட்டியதுபோல் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். 1914-இல் வெளிவந்த 'கெர்ட்டி டைனோசர்' அனிமேஷன் படத்தை வரைந்த வின்சர் மெக்கேக்கு எந்த மென்டர் இருந்தார்? அந்தக் கலையே அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. டைனோசர் எவ்வளவு நேரத்துக்கு ஒரு மூச்சு விடும் என்று கேட்க ஆள் இல்லாமல் தன் மூச்சையே நேரம் பார்த்து அளந்து வரைந்தார்.

பழைய லைட்பாக்ஸ்
மெக்கே அதற்கு முன் எத்தனையோ வருடம் பத்திரிகைக்குப் பக்கம் பக்கமாக வரைந்து கை பழகியவர் ஐயா. எட்டு மாதக் கையோடு அவரை ஒப்பிடுவது நியாயமா? வேறு உதாரணம் சொல்கிறேன். 1973-இல் அனிமேட்டர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் ஆஸ்கர் வாங்கினார். அதே வருடம், டிஸ்னியில் வேலை பார்த்த மூத்த கலைஞர் ஆர்ட் பாபிட்டைத் தன் லண்டன் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, தன் ஆட்களோடு தானும் உட்கார்ந்து பாடம் கேட்டார். நாற்பது வயது, கையில் விருது, சொந்த ஸ்டூடியோ. அவருக்கே இன்னொரு கண் வேண்டியிருந்தது.

ரப்பர்தூள்
நன்றி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்துவிட்டீர்கள். வில்லியம்ஸ் அங்கே வெறுங்கையோடு உட்காரவில்லை. வருடக்கணக்காக வரைந்து, எங்கெல்லாம் தன் கை இடிக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தார். பாபிட் சொன்ன ஒவ்வொன்றும் போய் உட்கார அவருக்குள்ளே ஒரு பள்ளம் தயாராக இருந்தது. எட்டாவது நாளிலேயே மென்டரைத் தேடுகிறவர்களிடம் அந்தப் பள்ளம் எங்கே? தாள்புரட்டிக்கு அந்த ஒற்றை வாக்கியம் பளிச்சென்று புரிந்ததே, முன்னால் ஐந்து வாரம் இடித்துக்கொண்டதால்தான். முதல் நாளே சொல்லியிருந்தால் "சரிங்க சார்" என்று குறித்துக்கொண்டு மறந்திருப்பார்.

பழைய லைட்பாக்ஸ்
இது கொஞ்சம் உறைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஐந்து வாரம் அதிகம். ஐந்து நாள் போதும்.

இன்பிட்வீன் கை
இரண்டு பேரும் நல்ல மென்டரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு வாய்த்தவர் வேறு ரகம். ஒவ்வொரு வாரமும் என் ரஃப் (முதல் கரட்டு வரைவு) மேலேயே சிவப்பில் ட்ராஓவர் செய்து, அதாவது தானே திருத்தி வரைந்து, அனுப்பிவிடுவார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிவப்புக் கோடு பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், என் நீலக் கோடு அதற்கு அடியில் வெட்கப்பட்டுக் கிடக்கும். நானும் சிவப்பின் மேல் சுத்தமான கோடு இழுத்து க்ளீன்அப் செய்வேன், நடுவில் வரும் இன்பிட்வீன் படங்களைப் போடுவேன், ஓட்டினால் அசத்தலாக இருக்கும், வளர்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆறு மாதத்தில், வேலை தேடும்போது காட்டுகிற ஷோரீல் தயார். ஒரு நேர்காணலில் திரையை நிறுத்தி, "இந்தத் திரும்பலில் தலைக்கு முன்பே தோள் ஏன் திரும்புகிறது?" என்று சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தோள் என்னுடையது இல்லையே. அப்புறம் உட்காரவைத்து பேப்பரும் பென்சிலும் கொடுத்து ஒரு திரும்பல் வரையச் சொன்னார்கள், அதைப் பற்றி எழுத விருப்பம் இல்லை.

அதன் பிறகு ஒன்றரை வருடம் அடுத்தவர்கள் வரைந்த கீ படங்களுக்கு (அசைவின் முக்கிய நிலைகள்) நடுவில் இன்பிட்வீன் மட்டுமே வரைந்தேன். அங்கேதான் படித்தேன் என்று சொல்லவேண்டும். கீ வரைந்தவர் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, எந்தப் படம் எதற்கு எவ்வளவு பக்கத்தில் விழவேண்டும் என்று குறித்திருப்பார். அந்தக் குறி ஒரு பக்கமாக நெருங்கியிருப்பதை நானே வரைந்து, தாளை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் பார்க்கும்போதுதான் "ஓ, இதனால்தான் கை இங்கே தயங்குகிறதா" என்று தெரியும். யாரும் விளக்கவில்லை. ஆனால் விளக்கம் முழுக்க அந்தத் தாளிலேயே இருந்தது.

ரப்பர்தூள்
இதைத்தானே தொண்டை கிழியச் சொல்கிறேன்.

பழைய லைட்பாக்ஸ்
இல்லை, அவசரப்படாதீர்கள். ஓரத்தில் அந்தக் குறியைப் போட்டவர் யார்? அவர்தான் அங்கே மென்டர், வாய் பேசாத மென்டர். ட்ராஓவரையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. முதுகின் வளைவு எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதை வார்த்தையில் சொல்லிப் பாருங்கள், நாலு பத்தி எழுதினாலும் புரியாது. நான் வெறும் குச்சி உருவத்தில் வளைவை மட்டும் போட்டுக் காட்டுவேன். அதற்கு மேல் க்ளீன்அப் செய்ய முடியாது, அதனால் மாணவர் மறுபடி வரைந்தே ஆகவேண்டும். பல நேரம் கோடே போடமாட்டேன், "7-ஆம் படத்தில் உடம்பின் எடை எந்தக் காலில்?" என்று ஒரு கேள்வி மட்டும் போகும். அப்புறம் ரஃப் நிலையிலேயே அனுப்புங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன், கேட்பவர் குறைவு. வண்ணம் எல்லாம் அடித்து முடித்துவிட்டு "இடுப்பு சரியா சார்?" என்று கேட்டால், சரியில்லை என்று நான் சொன்னாலும் அவர் மாற்றப்போவதில்லை, எனக்கும் சொல்ல மனசு வராது.

அதோடு ரப்பர்தூளுக்கு ஒரு கேள்வி. பாதத்துக்குத் தரைக்கோடு, பந்துக்கு 1, 3, 5, 7. ஒருவன் கனமான பெட்டியைத் தூக்குகிறான், அதற்கு எந்த அளவுகோல்?

ரப்பர்தூள்
அனிமேஷன் வாசனையே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டி, "இந்தப் பெட்டி எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேளுங்கள். நாற்பது என்று நினைத்து வரைந்திருக்கிறீர்கள், அவர் நாலு என்றால் படம் தோற்றது. கட்டணம் கிடையாது.

பழைய லைட்பாக்ஸ்
அடடா. இதை என் மாணவர்களுக்கும் கொடுக்கப்போகிறேன், திருடியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் "நாலு கிலோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஏன் நாலாகத் தெரிகிறது என்று சொல்லமாட்டார். பெரும்பாலும் நான் பார்க்கிற தப்பு, கை நிமிர்கிற அதே படத்தில் பெட்டியும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். உண்மையில் முதலில் பாதம் அகன்று இடம் பிடிக்கும், இடுப்பு பெட்டியின் அருகே இறங்கும், பிறகு உடம்பு எழும்பப் பார்க்கும், கை முழுசாக இழுபட்டு நீளும், பெட்டி அப்போதும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு மூன்று படத் தாமதத்தில்தான் மொத்தக் கனமும் இருக்கிறது.

ரப்பர்தூள்
நீங்களே ஒரு பெட்டியைத் தூக்கி அதைப் படம்பிடித்துப் பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

இன்பிட்வீன் கை
தெரியாது. நான் செய்து பார்த்தேன். வீடியோவில் எல்லாமே இருக்கும், சட்டை மடிப்பு, தலைமுடி, தேவையில்லாத தள்ளாட்டம். எதை எடுத்து எதை விடுவது என்று அது சொல்லாது. படத்துக்குப் படம் அப்படியே பார்த்து வரைந்தால் ஆள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கும்.

தாள்புரட்டி
பத்து நாள் கழித்து வருகிறேன், சண்டையை முழுக்கப் படித்தேன். பெட்டி தூக்குவதை வரைந்து என் அக்காவிடம் ஓட்டிக் காட்டினேன். எத்தனை கிலோ என்று கேட்டதற்கு, "உள்ளே பஞ்சா?" என்றாள். நான் ஐம்பது கிலோ என்று நினைத்திருந்தேன்.

உடனே மென்டருக்கு அனுப்பவில்லை. மூன்று நாள் நானே புரட்டிப் பார்த்து, எங்கே தப்பாக இருக்கலாம் என்று படத்தின் எண்ணோடு மூன்று ஊகம் எழுதி, ரஃப்போடு சேர்த்து அனுப்பினேன். முதுகு போதுமான அளவு வளையவில்லை, பாதம் அகலவில்லை, 14-ஆம் படத்தில் பெட்டி சீக்கிரம் கிளம்புகிறது. பதில் நேற்று வந்தது. முதுகு சரியாகத்தான் இருக்கிறதாம். பாதமும் சரியாம். மூன்றாவது ஊகம் சரி, ஆனால் தப்பு 14-இல் இல்லையாம், 9-இல் தொடங்குகிறதாம்: கை பெட்டியைத் தொட்ட அடுத்த படத்திலேயே தோள் மேலே போய்விடுகிறது, நடுவில் பிடியை இறுக்க ஒரு படம்கூட இல்லை. 9-ஐ எடுத்துப் பார்த்தேன். அத்தனை தடவை புரட்டியும் அந்தத் தாளை நான் ஒருமுறைகூடத் தனியாக எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

மூன்று படம் சேர்த்துவிட்டேன். அக்கா இப்போது பதினைந்து கிலோ என்கிறாள்.

ரப்பர்தூள்
மூன்றில் ஒன்றை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கேளுங்கள்.

பழைய லைட்பாக்ஸ்
படத்தின் எண் தப்பு. கால் பங்குதான் தருவோம்.