அப்ஸ்ட்ரீம்: ‘மேலோடை’ வேண்டாம், ‘மேல்மடை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் மென்பொருள் நிறுவல் கையேட்டில் அப்ஸ்ட்ரீமுக்கு (ஒரு மென்பொருள் நமக்கு யாரிடமிருந்து வருகிறதோ, அவர்களுக்கு) ‘மேலோடை’ என்று போட்டு முடித்துவிட்டோம். முடிந்த சொல்லை மறுபடி கிளறுவதற்கு மன்னிக்கவும். மன்னார்குடிப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

கடைக்கார அண்ணன் கணினியில் உபுண்டு இயங்குதளம் வைத்திருக்கிறார். அதோடு வந்த லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் பழைய பதிப்பு என்று, அதை எழுதும் திட்டத்தின் தளத்திலிருந்தே புதியதை இறக்கியிருக்கிறார். சுருக்கக் கோப்பை விரித்து, உள்ளே இருந்த டெப் பொதிகள் (நிறுவுவதற்கென்று கட்டிய .deb கோப்புகள்) அத்தனையையும், அவற்றை நிறுவும் டிபிகேஜி (dpkg) நிரலிடம் ஒரே மூச்சில் கொடுத்திருக்கிறார். எல்லாம் சரசரவென்று ஓடி, கடைசியில் மெனுவில் சேர்க்கும் குட்டிப் பொதியில் வந்து முட்டிக்கொண்டது. தான் எழுத வேண்டிய, லிப்ரே ஆபீஸைத் திறக்கும் ‘எஸ்ஆபீஸ்’ கோப்பு ஏற்கெனவே ‘லிப்ரே ஆபீஸ் காமன்’ என்ற பொதிக்குச் சொந்தம் என்று பிழைச்செய்தி. மெனுவில் பழையதுதான் தெரிகிறது, புதியதைக் காணோம்.

இதில் யார் மேலும் குற்றமில்லை. திட்டத்தார் தரும் பொதிகள் ‘ஆப்ட்’ (/opt) என்ற அடைவுக்குள், அதாவது கோப்புறைக்குள், தனியாகப் போய் உட்காரும். உபுண்டு தருவது ‘யுஎஸ்ஆர்’ (/usr) அடைவுக்குள் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்துக் குடியிருக்கலாம். ஆனால் வாசலில் ஒரு பெயர்ப்பலகைதான்; அந்த ஒரு கோப்புக்கு இரண்டு பொதிகள் உரிமை கொண்டாடினால் டிபிகேஜி விடாது. உபுண்டு தந்ததை நீக்கிவிட்டு, இறக்கியதை மறுபடி நிறுவினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

வம்பு அதற்கப்புறம்தான் வந்தது. “தம்பி, இதை யார்கிட்ட சொல்றது?” என்றார். நம் கையேட்டைத் திறந்து காட்டினேன். “மேலோடையில் வழு பதியவும்.” நிரலில் உள்ள பிழையைத்தான் வழு என்கிறோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “மேலாடையிலயா? துண்டுலயா எழுதணும்?” என்றார்.

சிரித்தாலும் எனக்குச் சுருக்கென்றது. ஓரெழுத்து மாறினால் சட்டையாகிவிடும் சொல் அது. அதோடு ‘ஓடை’யை வலைப்பதிவுக் காலத்திலேயே ‘செய்தியோடை’ என்று, ஒரு தளத்தின் புதுப் பதிவுகளைத் தொடர்ந்து தரும் ஃபீடுக்குக் கொடுத்துவிட்டோம். புதிதாகப் படிப்பவர் மேலோடையை ஏதோ ஒரு ஃபீடு என்றுதான் நினைப்பார்.

அண்ணனுக்கு வாயால் விளக்கினேன். நிரலை எழுதுபவர்கள் ஒரு பக்கம். அதை வாங்கிப் பொதியாகக் கட்டுவது டெபியன் என்ற இன்னொரு இயங்குதளத் திட்டம். டெபியனிடமிருந்து எடுத்துக்கொள்வது உபுண்டு. அதற்குப் பிறகுதான் உங்கள் கடை. மூன்று மா நிலம் வைத்திருக்கும் மனிதர், பாதியிலேயே பிடித்துக்கொண்டார்: “தலைமடைக்காரன்கிட்ட கேக்கணுமா, நடுவுல மதகைப் புடிச்சிருக்கவன்கிட்ட கேக்கணுமான்னு சொல்லு.”

நான் கேட்ட சொல் இதுதான் என்று வீட்டுக்கு வந்து, அப்ஸ்ட்ரீம் = தலைமடை, டவுன்ஸ்ட்ரீம் = கடைமடை என்று குறித்து வைத்தேன். காலையில் பார்த்தால் நிற்கவில்லை. அப்ஸ்ட்ரீம் என்பது ஓர் இடமல்ல, உறவு. டெபியனுக்கு லிப்ரே ஆபீஸ் அப்ஸ்ட்ரீம்; அதே டெபியன் உபுண்டுவுக்கு அப்ஸ்ட்ரீம்; உபுண்டு, அதை வைத்துக் கட்டிய லினக்ஸ் மின்டுக்கு அப்ஸ்ட்ரீம். தலைமடையோ ஒரு முனை, கடைமடை மறு முனை. நடுவில் இருப்பவர்களுக்கு இந்த ஜோடியில் இடமில்லை.

நம் ஆற்றையே பாருங்கள். கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு என்று மறுபடி பிரிகிறது. மன்னார்குடிக்காரருக்கு நீடாமங்கலம் மேலே. முத்துப்பேட்டைக்காரருக்கு மன்னார்குடியே மேலே. ஒரே ஊர் ஒருவருக்கு மேலும் இன்னொருவருக்குக் கீழுமாக இருப்பது இங்கே யாருக்கும் விளக்க வேண்டிய சங்கதி இல்லை. எனவே என் முன்மொழிவு: மேல்மடை, கீழ்மடை. நிரல் பிறக்கும் இடத்தை மட்டும் குறிக்கத் தலைமடை, பயனர் இருக்கும் முனைக்குக் கடைமடை என்று வைத்துக்கொள்ளலாம்.

‘மேல்’ என்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மேற்கும் கிழக்கும் மேல், கீழ் என்பதிலிருந்து வந்தவை. டெல்டாவில் தண்ணீர் மேற்கே இருந்துதான் வருகிறது. மேலத்தெரு, கீழத்தெரு என்று புழங்குகிறவர்களுக்குத் திசை தானாக வந்துவிடும்.

நேற்று இதைச் சிலரிடம் சொல்லிப் பார்த்தபோது வந்த இரண்டு மறுப்புகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

> மடை என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

‘மடை திறந்த வெள்ளம்’ என்று பள்ளிக் கட்டுரையில் எழுதாத பிள்ளை உண்டா? மடையை நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை.

> ‘மூலத்திட்டம்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே. எதற்கு விவசாயம்?

கும்பகோணத்து அண்ணன் கேட்பது நியாயம்தான். லிப்ரே ஆபீஸைச் சொல்லும்போது அது பொருந்தும். ஆனால் உபுண்டுவுக்கு டெபியன் மூலத்திட்டம் என்றால் தப்பு. லிப்ரே ஆபீஸை எழுதியது டெபியன் இல்லையே. எதிர்ச்சொல்லுக்கும் தவிக்க வேண்டும். மூலத்துக்கு எதிர் என்ன, நகலா?

வாக்கியத்தில் வைத்தும் ஓட்டிப் பார்த்தேன். “இந்தத் திருத்தத்தை மேல்மடைக்கு அனுப்பவும்.” “மேல்மடையில் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டது, கீழ்மடைக்கு இன்னும் வரவில்லை.” இரண்டாவது வாக்கியத்தை ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்த மறுநாள் கடைமடை ஊரான பேராவூரணியில் சொன்னால் கணினிப் பேச்சு என்றே நினைக்க மாட்டார்கள். தண்ணீர் மேலே ஏறுமா, திருத்தத்தை எப்படி மேலே அனுப்புவது என்று யாராவது கேட்பீர்கள். தண்ணீர்தான் ஏறாது, கடைமடை மனுக்கள் எந்தக் காலத்திலும் மேலேதான் போயிருக்கின்றன.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். புதுப் பயனருக்கான பக்கத்தில் எந்தச் சொல்லும் வேண்டாம். “உபுண்டுவில் நிறுவியது என்றால் உபுண்டுவிடம், தளத்திலிருந்து இறக்கியது என்றால் லிப்ரே ஆபீஸ் திட்டத்திடம் சொல்லுங்கள்” என்று நேராக எழுதிவிடலாம். டைப்பிங் கடை அண்ணனுக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான். மேல்மடை என்பது பொதி கட்டுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்குமான பக்கங்களில் இருக்கட்டும்.

கையேட்டில் 11 இடத்தில் ‘மேலோடை’ இருக்கிறது. சனிக்கிழமை வரை யாரும் அடிக்க வராவிட்டால் மாற்றிவிடுகிறேன். ‘கீழ்மடை’யில் மட்டும் எனக்கே கொஞ்சம் தயக்கம், ‘கீழ்’ என்றால் மட்டம் என்று டெபியன்காரர்கள் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.