புதுப்பிப்பு: எண்டியூரன்ஸ் குதிரை ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது

எண்டியூரன்ஸ் குதிரைகளைப் (நெடுந்தூர ஓட்டப் போட்டிக் குதிரைகள்) பற்றி முதுநிலை ஆய்வு செய்ய ஆசை, ஆனால் சேலத்தில் போட்டிக் குதிரைகளுக்கு எங்கே போவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வியர்வை உப்புகளைத்தான் முதலில் நினைத்தேன். குதிரையின் வியர்வை அதன் இரத்தத்தைவிட உப்பு மிகுந்தது; அதனால் உடலில் நீர் குறைந்தாலும் தாகம் சரியாக எழாது. அருமையான விஷயம்தான், ஆனால் நெடுந்தூரம் ஓடி வியர்த்த குதிரைகள் வேண்டும். ஆய்வு வழிகாட்டி மறுத்துவிட்டார், நியாயம்தான்.

கைகொடுத்தது இதய மீட்புக் குறியீடு என்ற யோசனை; சிறு ஓட்டத்துக்குப் பின் இதயத்துடிப்பு பழைய நிலைக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. போட்டிகளில் இதயத்துடிப்பு குறித்த நேரத்துக்குள் பொதுவாக நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் குதிரை தொடரலாம். இதய மீட்புச் சோதனையிலோ துடிப்பை எண்ணிவிட்டு, ஏறக்குறைய 80 மீட்டர் துள்ளோட்டம் (டிராட்) விட வேண்டும். ஓட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ண வேண்டும். முதல் எண்ணிக்கையைவிடக் கூடியிருந்தால் களைப்போ வலியோ இருக்கலாம். ஸ்டெதஸ்கோப்பும் கடிகாரமும் போதும். ஏற்காட்டுச் சவாரிக் குதிரைகளில் செய்ய அனுமதி கிடைத்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய துடிப்பு, ஏரிக்கரை ஹாரன் சத்தத்தில் 56 காட்டியது. "சேணத்தைக் கழட்டி நிழல்ல நிறுத்துங்க சார், அப்புறம் பாருங்க" என்றார் குதிரைக்கார அண்ணன். பத்து நிமிடத்தில் 40. இன்னொன்று, மலையில் 80 மீட்டர் சமதளம் எளிதில் கிடைக்காது. சரிவில் ஓட்டினால் கணக்கு கெடும். இடத்தை முதலில் பார்த்து வையுங்கள்.