பழைய ஜன்னலை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன், வீட்டில் கைக்குழந்தை

கேள்வி:
தாத்தா 1961இல் கட்டிய வீடு. குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. மழை ஒழுகிப் படுக்கையறைச் சுவர் ஊறிப்போய், ஜன்னல் பெயிண்ட் முதலைத் தோல் மாதிரி வெடித்து உதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜன்னல் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பச்சைக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் வெள்ளை. அறை முழுக்க மாவு போலத் தூசி. துடைப்பத்தால் கூட்டித் தள்ளினேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று தம்பி சொன்னது அதற்குப் பிறகுதான். மகளுக்கு ஒன்றரை வயது. கீழே கிடக்கும் எதையும் வாயில் வைப்பாள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. பின்பக்கம் கிளை விழுந்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று உடைந்திருக்கிறது. அதை நானே கழற்றலாமா?

பதில் 1:
26 வருடமாக பெயிண்ட் வேலை செய்கிறேன். அடியில் இருக்கும் வெள்ளைதான் எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்து பிரைமரில், அதாவது முதலில் அடிக்கும் அடிப்பூச்சில், ஈயத்தில் செய்த வெள்ளை நிறமி சேர்ப்பார்கள். இனித் தேய்க்காதீர்கள், குழந்தையை அந்த அறைக்குள் விடாதீர்கள். துடைப்பம் வேண்டாம். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்தூசியை அது திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறு வாளியில் அலசுங்கள். தண்ணீரையும் துணியையும் அடிக்கடி மாற்றுங்கள். கதவும் சட்டமும் உரசும் இடுக்கை விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அங்கே தூசி உதிரும். ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) வைத்துச் சுரண்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சூடு மிஞ்சினால் ஈயம் புகையாகக் கிளம்பும். எல்லா அடுக்கும் சேர்ந்த ஒரு பெயிண்ட் சில்லை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆனால் முதலில் ஒழுகலை அடைத்துவிடுங்கள், சுவர் ஈரமாக இருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் உரியும். வேலை முடிந்து அதே சட்டையோடு என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியவன் நான். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

பதில் 2:
குழந்தையிடம் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீங்க. பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்க. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று அர்த்தம் இல்லை, ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளின் உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அதையும் சேர்த்துப் பாருங்க.

பதில் 3:
ஷீட்டில் கை வைக்காதீர்கள். முழுசாக இருக்கும்வரை ஆஸ்பெஸ்டாஸால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் பறக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது. நுரையீரலில் தங்கிய இழை நோயாக வெளிப்பட 20, 30 வருடம்கூட ஆகும். அந்தப் பக்கம் யாரும் போகாமல் மறியுங்கள். பயிற்சி பெற்றவர்கள் வந்தால், நனைத்து, ஷீட்டை முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போவார்கள்.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. மூன்று முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அறையைப் பூட்டியாச்சு. இன்று காலை மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஷீட்டுக்கு ஆள் வரும்வரை பின்பக்கக் கதவைத் திறக்கப்போவதில்லை.